மூளைப் படமும் அதற்குள் இருக்கும் கணக்கும்

(கோவில்பட்டியில் நிகழ்த்திய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்திரிகைகளில் நீங்கள் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறத்தில் மூளை. அதில் ஆங்காங்கே சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள். கணக்குப் போடும்போது வேலை செய்யும் பகுதி இது, பயப்படும்போது விழித்துக்கொள்ளும் பகுதி இது என்று கீழே ஒரு வரி இருக்கும். பார்க்கிறவர்கள் அதை ஒரு போட்டோ என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சிவப்பை எந்தக் கருவியும் நேரே பார்த்ததில்லை. கருவி அளந்தது வேறு, நம் கண்ணுக்கு வந்து சேர்வது வேறு. இரண்டுக்கும் நடுவே நீண்ட கணக்கு ஒன்று இருக்கிறது.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதைத் தெரிந்துகொண்டால் இந்த அறிவியலின் மேல் மதிப்பு கூடும். இதன் பெயரைச் சொல்லிப் பரப்பப்படும் மிகைகளையும் அடையாளம் காண முடியும். அதோடு இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். நம் மக்களின் இரத்தமும் நம் மொழியும் அந்தக் கணக்கில் இன்னும் போதுமான அளவு ஏறவில்லை. ஏற்ற வேண்டியவர்கள் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்.

வத்திராயிருப்பிலிருந்து தொடங்குகிறேன்

இங்கிருந்து சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போனால் வத்திராயிருப்பு வரும். 1898 டிசம்பர் 4 அன்று அந்த ஊரில் பிறந்தவர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். 1928-இல் சர் சி.வி. ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்ட கே.எஸ். கிருஷ்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும் இருந்த காலத்தில், சிறு படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை எவ்வளவு திரும்புகின்றன என்று மிக நுட்பமாக அளந்தார். சில பொருள்கள் காந்தத்தை நோக்கி லேசாக ஈர்க்கப்படும். சில லேசாக விலகும். பொருளின் உள்ளே எலெக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை அந்தச் சிறு திரும்பலிலிருந்தே சொல்லலாம் என்று அவர் அளவீடுகள் காட்டின. 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. பின்னாளில் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே.

இந்தக் காந்த வேறுபாட்டை இரத்தத்தில் தேடினார் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங். 1936-இல் அவரும் சார்லஸ் கொரியெலும் ஹீமோகுளோபினை ஆராய்ந்தார்கள். ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபின் காந்தத்திலிருந்து லேசாக விலகுகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படுகிறது. உடலுக்குள் ஓடும் இரத்தமே தன் ஆக்சிஜன் நிலையைக் காந்தத்தின் மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அன்று தெரிந்தது. அதைக் கேட்கும் கருவி வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இரத்தத்துக்கும் சிந்தனைக்கும் என்ன தொடர்பு? மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. வேலை செய்யும் இடத்துக்கு இரத்தம் கூடுதலாகப் போகிறது என்பதை 1890-லேயே ராய், ஷெரிங்டன் என்ற ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 1986-இல் பீட்டர் ஃபாக்ஸ், மார்கஸ் ரெய்க்கிள் இருவரும் மனிதர்களில் அளந்து பார்த்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. தூண்டப்பட்ட பகுதிக்கு வந்த இரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. அங்கே செலவான ஆக்சிஜனோ 5 சதவீதம்தான் கூடியது. தேவைக்கு மிஞ்சிய ஆக்சிஜன் அங்கே வந்து சேர்கிறது. அதனால், வேலை நடக்கும் இடத்தில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் செறிவு குறைகிறது.

1990-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவாவும் அவர் தோழர்களும் எலியின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தார்கள். எலி சுவாசித்த காற்றில் ஆக்சிஜனை மாற்றியபோது, படத்தில் இரத்தக் குழாய்களின் கருங்கோடுகள் தோன்றின, மறைந்தன. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தைக் கலைக்கிறது. அங்கே சிக்னல் மங்குகிறது. அந்த ஹீமோகுளோபின் குறைந்தால் சிக்னல் கூடுகிறது. 1992-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே மனித மூளையில் இதைச் செய்து காட்டின. ஊசி இல்லை, கதிரியக்கம் இல்லை. மனிதர் படுத்துக்கொண்டு கண்ணால் பார்க்கிறார், விரலை அசைக்கிறார். மூளையில் சிக்னல் ஏறி இறங்குகிறது. செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. பிறந்த கதை இது.

கருவி தருவது என்ன

திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்த நிலநடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டிப் போவதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாம் நிற்கும் இந்த மண்ணில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. மூளை ஆய்வுக்குப் பயன்படும் எம்.ஆர்.ஐ. கருவியில் 3 டெஸ்லா. ஏறத்தாழ 75,000 மடங்கு. அவ்வளவு வலிய புலத்தில் நம் உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் சுழல்கின்றன. நீங்கள் கேட்கும் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸ்; இது அதற்குச் சற்று மேலே உள்ள அதிர்வெண். அந்த அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கருவி பதிவு செய்கிறது.

மூளை முழுவதையும் சிறு சிறு கனசதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். இதற்கு வாக்ஸெல் என்று பெயர். பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் என்றால் ஒரு வாக்ஸெலின் கன அளவு 27 கன மில்லிமீட்டர். அதற்குள் பல லட்சம் நரம்பணுக்கள். ஒரு மூளையில் சுமார் 50,000 வாக்ஸெல்கள். 2 விநாடிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் அளந்தால், 10 நிமிடத்தில் ஒவ்வொரு வாக்ஸெலுக்கும் 300 எண்கள் கிடைக்கும். மொத்தம் ஒன்றரைக் கோடி எண்கள். கருவி தருவது இவ்வளவுதான்: எண்கள். அவற்றில் சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை.

அந்த எண்களில் நாம் தேடும் மாற்றமோ மிகச் சிறியது, 1 முதல் 3 சதவீதம். இதயம் துடிப்பதும், மார்பு ஏறி இறங்குவதும், தலை அரை மில்லிமீட்டர் அசைவதும், கருவி மெல்லச் சூடாவதும் அதைவிடப் பெரிய மாற்றங்களை உண்டாக்கும். இவ்வளவு இரைச்சலுக்குள் மூளையின் குரலைப் பிரித்தெடுக்க ஒரு மாடல் வேண்டும்.

மழையும் ஈரமும்

மாடல் என்றால் என்ன என்பதைக் கரிசல்காட்டு மக்களுக்கு விளக்குவது எளிது. ஐப்பசியில் ஒரு உழவு மழை பெய்கிறது. மழை அரை மணி நேரத்தில் விட்டுவிடும். ஈரம் அப்படி விடாது. மெல்ல அடிமண்ணுக்கு இறங்கும், ஒரு நாள் உச்சத்தில் நிற்கும், பல நாள் கழித்துத்தான் காயும். காய்வதற்குள் இன்னொரு மழை பெய்தால் பழைய ஈரத்தோடு புது ஈரம் சேரும். இப்போது வானத்தையே பார்க்காத ஒருவரிடம், நாள்தோறும் மண்ணைத் தோண்டி அளந்த ஈரத்தின் அளவை மட்டும் கொடுத்து, எந்த நாள் எவ்வளவு மழை பெய்தது என்று கேளுங்கள். ஒரு மழைக்கு இந்த மண் எப்படி ஈரம் பிடிக்கும், எத்தனை நாளில் விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லிவிடுவார். தெரியாவிட்டால் முடியாது.

மூளையிலும் இதுதான் நடக்கிறது. நரம்பணுக்களின் வேலை ஒரு விநாடியின் சிறு பங்கில் முடிந்துவிடும். இரத்தத்தின் பதில் மெதுவாக வரும். ஒன்றிரண்டு விநாடி கழித்து ஏறத் தொடங்கி, ஐந்தாறு விநாடியில் உச்சம் தொட்டு, இறங்கி, இயல்பு நிலைக்கும் கீழே சற்றுத் தாழ்ந்து, இருபது முப்பது விநாடிக்குள் பழைய நிலைக்கு வரும். இந்த வளைகோட்டை இரத்த ஓட்ட மறுமொழி என்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு தூண்டல்கள் வந்தால் இரண்டு வளைகோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று கூடும் என்பதை 1996-இல் பாய்ண்டன், ஹீகர் முதலிய ஆய்வாளர்கள் காட்சிப் பகுதியில் சோதித்து, பெருமளவுக்குச் சரி என்று கண்டார்கள். தூண்டல்கள் மிக நெருங்கி வந்தால் மட்டும் கூட்டல் சற்றுப் பிசகும்.

இதை வைத்துக் கணக்கு எப்படிப் போகிறது? ஒருவரை 20 விநாடி விரல் அசைக்கச் சொல்கிறோம், 20 விநாடி சும்மா இருக்கச் சொல்கிறோம், மாறி மாறி. எப்போது அசைத்தார் என்பது நமக்குத் தெரியும். அந்த நேரக்கோட்டை இரத்தத்தின் மறுமொழி வளைகோட்டோடு இணைத்தால், விரலுக்குரிய வாக்ஸெலில் சிக்னல் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் எதிர்பார்ப்பு கிடைக்கும். பிறகு ஒவ்வொரு வாக்ஸெலையும் எடுத்து ஒரு சமன்பாடு எழுதுகிறோம். அளந்த சிக்னல் என்பது எதிர்பார்ப்பின் ஒரு மடங்கு, அதோடு தலை அசைவு போன்றவற்றின் பங்கு, அதோடு மீதி இரைச்சல். அந்த மடங்கு எவ்வளவு என்று கண்டுபிடிப்பதே வேலை. அடிநிலை 1,000 என்றும் மடங்கு 12 என்றும் வந்தால், அங்கே 1.2 சதவீத ஏற்றம். அந்த 12, இரைச்சலால் தற்செயலாக வரக்கூடிய அளவைவிடப் போதுமான அளவு பெரியதா என்று பார்க்கிறோம். பெரியது என்றால் அந்த வாக்ஸெலுக்கு வண்ணம் பூசுகிறோம். பத்திரிகையில் நீங்கள் பார்த்த சிவப்பு இப்படித்தான் பிறக்கிறது.

லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டனும் அவர் குழுவும் 1990-களில் இந்த முறையை வகுத்து மென்பொருளாக்கி உலகத்துக்குக் கொடுத்தார்கள். கல்லூரியில் புள்ளியியல் படித்த எவரும் இதை அடையாளம் கண்டுகொள்வார்கள். விளைச்சலுக்கும் உரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணிக்கும் அதே நேர்கோட்டுச் சமன்பாடு.

இதற்கு அடுத்த படியும் உண்டு. 1998-இல் ரிச்சர்ட் பக்ஸ்டனும் அவர் தோழர்களும் இரத்தக் குழாய் எப்படி விரிகிறது, அதில் இரத்தத்தின் அளவும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் எப்படி மாறுகின்றன என்பதை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினார்கள். 2003-இல் ஃபிரிஸ்டன் குழு அதன் மேல் இன்னொரு தளத்தைக் கட்டியது. மூளையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை எந்தத் திசையில், எவ்வளவு பாதிக்கிறது என்று பல ஊகங்களைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றில் எது அளவீட்டோடு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்க்கும் முறை அது. கவனியுங்கள், நாம் எழுதிக் கொடுத்த ஊகங்களுக்குள்தான் சிறந்ததை அது சொல்லும். நாம் எழுதாத ஊகம் ஒன்று உண்மையாக இருந்தால் அதைச் சொல்லாது.

கணக்கு தவறும் இடங்கள்

50,000 வாக்ஸெல்களில் தனித்தனியே சோதிக்கிறோம் என்றேன். ஒவ்வொன்றிலும் தவறுக்கு நூற்றில் ஐந்து வாய்ப்பை அனுமதித்தால், எதுவுமே நடக்காத மூளையிலும் 2,500 வாக்ஸெல்கள் சிவக்கும். ஆயிரத்தில் ஒன்று என்று இறுக்கினாலும் 50 வாக்ஸெல்கள் சிவக்கும். இதை உலகத்துக்குப் புரியவைக்க 2009-இல் கிரெய்க் பென்னட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் நண்பர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். செத்துப்போன ஒரு சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, வழக்கமான கணக்கைப் போட்டார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளைப் பகுதியில் சில வாக்ஸெல்கள் சிவந்தன. பல சோதனைகளுக்கான திருத்தத்தைச் சேர்த்ததும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கருவியில் குற்றமில்லை, கணக்கில் ஒரு படியை விட்டதுதான் குற்றம் என்று அந்த மீன் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தது.

அடுத்தது தலை அசைவு. இதற்கு முன் ஒரு கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். 1995-இல் இந்திய வம்சாவளி விஞ்ஞானி பரத் பிஸ்வால், மனிதர் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருக்கும்போதே, கைகளை இயக்கும் இடப் பகுதியும் வலப் பகுதியும் ஒன்றுபோல மெல்ல ஏறி இறங்குகின்றன என்று காட்டினார். இரைச்சல் என்று ஒதுக்கிய அலைகளில் மூளையின் இணைப்புகள் ஒளிந்திருந்தன. ஓய்வுநிலை ஆய்வு என்று ஒரு பெரிய துறையே அதிலிருந்து கிளம்பியது. அதை வைத்து, குழந்தைகள் வளர வளர மூளையின் தொலைவான பகுதிகளுக்கு இடையே இணைப்பு வலுவாகிறது என்று பலர் எழுதினார்கள். 2012-இல் ஜொனாதன் பவரும் வேறு சில குழுக்களும் எச்சரித்தார்கள்: சிறு குழந்தைகள் கருவிக்குள் அதிகம் அசைகிறார்கள், அந்தச் சிறு அசைவே பக்கத்துப் பகுதிகளின் இணைப்பைக் கூட்டியும் தொலைவானவற்றின் இணைப்பைக் குறைத்தும் காட்டுகிறது. வளர்ச்சி என்று எண்ணியதில் ஒரு பங்கு அசைவாக இருந்தது. அதன் பிறகு அசைவைக் கணக்கில் சேர்க்காத ஆய்வை யாரும் எளிதில் ஏற்பதில்லை.

மூன்றாவது, 2020-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு பெரிய முயற்சி. 108 பேரின் ஒரே தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்து, ஒன்பது கேள்விகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்லக் கேட்டார்கள். ஒரு குழு போன வழியில் இன்னொரு குழு போகவில்லை. பல கேள்விகளுக்கு முடிவுகளும் பிரிந்தன. கருவி ஒன்று, தரவு ஒன்று. கணக்கின் வழி மாறியதால் பதில் மாறியது.

இவற்றையெல்லாம் இந்த அறிவியலைக் குறைத்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. தன் தவறைத் தானே தேடி, பெயரோடு வெளியிட்டு, திருத்திக்கொள்ளும் துறை இது. அந்த நேர்மைக்காகவே நான் இதை நேசிக்கிறேன்.

நம் இரத்தம்

இப்போது நம்மிடம் வருகிறேன். அந்த மழைக் கணக்கில் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அதே மழை செவக்காட்டில் பெய்தால் ஈரம் வேறு விதமாக நிற்கும். கரிசலின் வளைகோட்டை வைத்துச் செவலில் பெய்த மழையைக் கணித்தால் தவறான பதில்தான் வரும். மூளைக் கணக்கிலும் இந்த ஆபத்து உண்டு. மென்பொருள்களில் இருக்கும் அந்த மறுமொழி வளைகோடு பெரும்பாலும் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களின் இளம் ஆரோக்கியமான தன்னார்வலர்களை அளந்து வகுத்தது.

நம் மக்களின் இரத்தம் எப்படி இருக்கிறது? 2019–21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் பெண்கள், பருத்தி எடுக்கவும் மிளகாய் பறிக்கவும் போகும் பெண்கள் எல்லாம் இந்த எண்ணுக்குள் இருப்பவர்கள். இந்தச் சிக்னலின் ஆணிவேரே ஹீமோகுளோபின் என்று பார்த்தோம். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு குறைந்தால் சிக்னலின் மாற்றமும் சிறுத்துப்போகிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே ஹீமோகுளோபின் அளவு 9 இருக்கும் ஒரு பெண்ணின் மூளை முழு மூச்சாக வேலை செய்தாலும், படத்தில் மங்கலாகத் தெரியக்கூடும். இதைக் கணக்கில் எடுக்காத ஓர் ஆய்வாளர், ஏழைப் பெண்களின் மூளை குறைவாக இயங்குகிறது என்று எழுதிவிட்டால் அது எவ்வளவு பெரிய அநீதி! இரத்தத்தின் குறையை அறிவின் குறையாக ஏற்றிச் சொல்வதாகிவிடும்.

இதற்கு மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்கேனுக்கு முன் ஒரு சொட்டு இரத்தத்தில் ஹீமோகுளோபினை அளந்து சமன்பாட்டில் சேர்க்கலாம். கருவிக்குள் சில விநாடி மூச்சை அடக்கச் சொல்லி, அந்த நபரின் இரத்தக் குழாய்கள் எவ்வளவு விரிகின்றன என்று முதலில் அளந்து, அதோடு ஒப்பிட்டு மற்றதைக் கணக்கிடலாம். காபி, தேநீர் குடித்தாரா என்றும் கேட்க வேண்டும். காஃபீன் மூளைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். பக்ஸ்டனின் சமன்பாடுகளில் இவற்றுக்கெல்லாம் இடம் இருக்கிறது. இட்டு நிரப்பத்தான் நம் மக்களின் அளவீடுகள் வேண்டும்.

நம் எழுத்து

நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆறு மாதம் இந்தி எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். நெதர்லாந்திலுள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தின் ஃபால்க் ஹூட்டிக், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் ரமேஷ் குமார் மிஸ்ரா முதலியோர் இதில் இருந்தார்கள். 21 பேர் படித்தார்கள், 9 பேர் படிக்காமல் ஒப்பீட்டுக்கு நின்றார்கள். படிப்பதற்கு முன்னும் பின்னும் ஓய்வுநிலையில் மூளையை அளந்தார்கள். 2017-இல் முடிவு வெளிவந்தது. படித்தவர்களுக்கு, மூளையின் பின்புறத்திலுள்ள பார்வைப் பகுதிக்கும், மூளையின் அடியாழத்தில் இருக்கும் தலாமஸுக்கும் மூளைத்தண்டின் மேற்பகுதிக்கும் இடையே இசைவு கூடியிருந்தது. வளர்ந்தவரின் மூளை மாறாது என்று எண்ணியிருந்தவர்களுக்கு, முப்பது வயதுக்கு மேலும் எழுத்து மூளைக்குள் இவ்வளவு ஆழம் இறங்கும் என்று ஒரு சான்று கிடைத்தது.

1990-களில் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிய பாட்டிமார்களையும் அம்மாக்களையும் இந்தப் பகுதி மறந்திருக்காது. அவர்கள் மூளைக்குள் என்ன நடந்தது என்று யாரும் அளக்கவில்லை. இனி அளக்கலாம். ஆனால் அந்த லக்னோ ஆய்வைப் பற்றி ஒரு கறாரான வார்த்தையும் சொல்ல வேண்டும். 21 பேர், 9 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. வேறு ஊரில், வேறு எழுத்தில், கூடுதல் பேரிடம் திரும்பச் செய்து பார்த்தால்தான் அது உறுதிப்படும். அதைத் தமிழ் எழுத்தில் செய்ய இந்தக் கரிசல் கிராமங்களைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இத்தகைய ஆய்வைத் தமிழில் செய்வதில் நேரடியான பயனும் உண்டு. வலிப்பு நோய்க்கு மருந்து கேட்காத சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். நம் பக்கத்து நோயாளிகள் பலர் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்குப் போகிறார்கள். வெட்டி எடுக்கப்போகும் இடத்துக்கு அருகில் பேச்சுக்குரிய பகுதி இருக்கிறதா என்று முன்கூட்டியே அறியச் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. உதவுகிறது. நோயாளி மனத்துக்குள் சொற்களை நினைக்க வேண்டும். அப்போது எழும் சிக்னலை மேலே சொன்ன சமன்பாட்டால் பிரிக்கிறார்கள். அந்தச் சொற்கள் அவர் தாய்மொழியில், அவர் வீட்டில் பேசும் சொற்களாக இருந்தால்தான் அவர் தடையின்றி நினைப்பார். நல்ல தமிழ்ச் சொற்பட்டியலும் தமிழ் வாக்கியங்களும் தயாரிப்பது ஒரு மனிதரின் பேச்சைக் காப்பாற்றும் வேலை.

மனத்தைப் படிக்க முடியுமா

முடிக்கும் முன், பலரும் என்னிடம் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கருவி நம் நினைப்பைப் படித்துவிடுமா?

2023-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் ஹூத் குழு மூன்று பேரைக் கருவிக்குள் படுக்கவைத்து, ஒவ்வொருவருக்கும் 16 மணி நேரம் கதைகளைக் கேட்கவைத்தது. எந்தச் சொல்லுக்கு எந்த வாக்ஸெல் எப்படிப் பதில் சொல்கிறது என்று மாடல் கற்றுக்கொண்டது. பிறகு புதிய கதை ஒன்றைக் கேட்கும்போது, சிக்னலை மட்டும் வைத்து அந்தக் கதையின் சாரத்தை ஓரளவு எழுதிக் காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் ஒருவரிடம் கற்ற மாடல் இன்னொருவரிடம் வேலை செய்யவில்லை. மாடல் யாரிடம் கற்றதோ அவரே மனத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் அப்போதும் வேலை செய்யவில்லை. ஒத்துழைக்காதவரின் மனத்தை இது படிக்காது.

சட்டத்தின் பக்கமும் நமக்கு ஒரு காப்பு இருக்கிறது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி நார்கோ பரிசோதனை, பொய் கண்டறியும் பரிசோதனை, மூளை அலைப் பரிசோதனை ஆகியவற்றை நடத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவு அதன் அடிப்படை. நாளை எந்தப் புதுக் கருவி வந்தாலும் இந்தத் தீர்ப்பை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாடல் தரும் பதிலை மனிதரின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிள்ளைகளுக்கு

மாணவர்களே, 3 டெஸ்லா கருவி பல கோடி ரூபாய். அது கோவில்பட்டியில் இல்லையே என்று நீங்கள் ஒதுங்க வேண்டாம். 2010-இல் பிஸ்வாலும் உலகத்தின் 35 மையங்களும் சேர்ந்து 1,414 பேரின் ஓய்வுநிலைத் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். இன்று ஓப்பன்நியூரோ என்ற தளத்தில் இன்னும் பல ஆய்வுகளின் தரவு இலவசமாக இருக்கிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நைலேர்ன் என்ற மென்பொருளுக்கும் காசு இல்லை. ஆசையும் கணித அறிவும் ஒரு நல்ல கணினியும் இருந்தால் இங்கேயே உட்கார்ந்து தொடங்கலாம். பொறியியலும் இயற்பியலும் புள்ளியியலும் படிக்கும் பிள்ளைகள் இந்த ஊரில் குறைவில்லை.

முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். திறந்த தரவில், படம் பார்க்கும்போது அளக்கப்பட்ட ஒரே ஒரு மனிதரை எடுங்கள். பார்வைப் பகுதியிலிருந்து ஒரு வாக்ஸெலின் எண்களை வரைந்து பாருங்கள். மறுமொழி வளைகோட்டைக் கொண்டு எதிர்பார்ப்பை நீங்களே கட்டி, அதன் மேல் பொருத்துங்கள். பொருந்தாமல் மிஞ்சிய எச்சத்தைத் தனியே வரைந்து, அதில் மூச்சின் தாளம் இருக்கிறதா, தலை அசைவு இருக்கிறதா என்று தேடுங்கள். வளைகோட்டின் உச்சத்தை ஒரு விநாடி தள்ளி வைத்து மறுபடி கணக்கிட்டு, பதில் எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பயிற்சி, நான் இங்கே பேசியதைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாளை நம் கிராமங்களுக்கு மூளை ஆய்வு ஒன்று வந்தால் அதை வரவேற்போம், வரவேற்கும்போதே கேட்போம். எத்தனை பேரை அளக்கிறீர்கள்? எங்கள் பெண்களின் ஹீமோகுளோபினைக் கணக்கில் சேர்க்கிறீர்களா? பயிற்சிகள் தமிழில் இருக்கின்றனவா? தரவையும் கணக்கையும் மற்றவர்கள் சரிபார்க்கத் திறந்து வைப்பீர்களா? முடிவைத் தமிழில் வந்து எங்களிடம் சொல்வீர்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஆய்வுக்கு நம் மக்கள் தாராளமாகத் தலை கொடுக்கலாம். கேள்விகளைக் கேட்கவும், ஒரு நாள் அந்த ஆய்வைத் தாங்களே நடத்தவும் தெரிந்த ஒரு தலைமுறையை இந்த ஊரில் உருவாக்குவோம்.